கே. வனஜா, புனே

1

இந்தக் கதை என்னுடைய ஒரு தவறிலிருந்து பிறந்தது. கதை எப்படி வந்தது என்று கேட்டால், பேருந்தில் காதில் விழுந்த பேச்சு, ரயிலில் பார்த்த முகம் என்று எழுதுகிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் தவறு செய்த தேதி, மணி, நிமிடம் எல்லாம் இணையத்தில் பதிவாகி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம் ஒன்று இணையத்தில் உண்டு. அதில் நெடுநாளாக நான் சம்பளமில்லாத ஊழியன். 2012-இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு சின்னக் கட்டுரைகள் கண்ணில் பட்டன. ஒன்று, ‘கே. வனஜா, வேளாண் அறிவியலாளர், புனே’. இன்னொன்று, ‘கே. வனஜா, மொழிபெயர்ப்பாளர், புனே’. இரண்டும் நாலைந்து வரிதான். இரண்டிலும் படம் இல்லை. புனேயில் ஒரு தமிழ்ப் பெயர், ஒரே இனிஷியல், ஏறக்குறைய ஒரே வயது. ஒரே ஆளைப் பற்றி யாரோ இரண்டு பேர் தனித்தனியாக எழுதிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். இரண்டையும் ஒன்றாக இணைத்தேன். “வெங்காயப் பயிர் நோய்களை ஆராய்ந்த இவர், மராத்தியிலிருந்து தமிழுக்குப் பல நூல்களை மொழிபெயர்த்தும் உள்ளார்” என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அறிவியலும் இலக்கியமும் ஒரே பெண்ணிடம்! அந்த வாக்கியத்தின் அழகில் நானே கொஞ்சம் சொக்கிப்போனேன். டம்ளரில் இருந்த டீ ஆறுவதற்குள் ஓர் ஆளைக் காணாமல் அடித்திருந்தேன்.

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அந்த வாக்கியம்தான். பதிமூன்று வருஷம் அது அங்கேயே இருந்தது.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்: ‘நிக்டியில் மழை பெய்துகொண்டிருந்தது.’ நிக்டியில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் மழை பெய்துகொண்டுதான் இருக்கும். அதில் சொல்ல என்ன இருக்கிறது? அடித்துவிட்டேன்.

அடுத்தது: ‘வனஜா வனஜாவைப் பார்க்கப் புறப்பட்டார்.’ இது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. சாமர்த்தியமான ஒரு வாக்கியம்தானே இத்தனைக்கும் காரணம்?

மூன்றாவது: ‘தன்னை இனி ஒருவரும் படிப்பதில்லை என்று நம்பிய ஒரு பெண்’ — இதை முடிக்க வரவில்லை. முடிக்காமலே வைத்திருக்கிறேன்.

ஒரு கதையில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வைக்கக் கூடாது என்பார்கள். இங்கே வேறு வழியில்லை. ஆகவே நம் ஊர்களில் செய்வதைச் செய்கிறேன், ஊரைப் பெயருக்கு முன்னால் போட்டுவிடுகிறேன். நிக்டி வனஜா, ஹடப்சர் வனஜா. நகரத்தின் இந்த மூலையும் அந்த மூலையும். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும்.

இனிஷியல் ஒன்றானாலும் காரணம் வேறு. ஹடப்சர் வனஜாவின் ‘கே’, அப்பா கிருஷ்ணஸ்வாமி. கட்கி ராணுவக் கிடங்கில் கிளார்க். மகள் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் புனேதான். கல்யாணம் செய்துகொள்ளாததால் ‘கே’ மாறவில்லை. நிக்டி வனஜாவின் ‘கே’, கணவர் கனகராஜ். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து 1983-இல் பிம்ப்ரி தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமுக்கு வேலைக்கு வந்தவர். அதுவரை வனஜா ‘ஆர். வனஜா’. கல்யாணம் ஆகாமலே இருந்திருந்தால் நான் அவரைத் தொலைத்திருக்க மாட்டேன்.

(மூன்றாவதாக ஒரு வனஜாவும் உண்டு. கடக்வாஸ்லா அணைப் பக்கம் இருந்த நீச்சல் வீராங்கனை. இனிஷியல் ‘எஸ்’ என்பதால் என் கையில் சிக்காமல் தப்பினார். முதல் வரைவில் அவரை நாலு பக்கத்துக்கு அணையில் நீந்தவிட்டேன். அவர் எந்தக் கரையிலும் ஏறவில்லை. எடுத்துவிட்டேன்.)

3

நிக்டி வனஜாவை ‘அவள்’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அறுபத்தைந்து வயது. நான் தவறிழைத்தவன் வேறு. ‘அவர்’ என்றே இருக்கட்டும்.

அவர் மராத்தி கற்றது மகள் பார்கவியின் பாடப்புத்தகத்தில். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது இவரும் ஒன்றாம் வகுப்பு, மகள் ஐந்துக்குப் போனபோது இவரும் ஐந்து. அப்புறம் மகள் இங்கிலீஷ் பக்கம் போய்விட்டாள், இவர் மராத்தியிலேயே நின்றார். காலனி நூலகத்தில் ஒருநாள், கரும்பு வெட்டப் போகும் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே சொல்லிய புத்தகம் கிடைத்தது. ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. கணவரிடம் கதையைச் சொல்லச் சொல்ல, சொன்னது போதவில்லை என்று தோன்றியது. ஒரு நோட்டில் தமிழில் எழுதத் தொடங்கினார். கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பதிப்பகம் 1996-இல் அதை வெளியிட்டது.

இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு புத்தகங்கள். காலையில் கனகராஜ் ஷிஃப்டுக்குப் போனதும் உட்கார்ந்தால் குக்கர் வைக்கிற நேரம் வரைக்கும். வருஷத்துக்கு ஐந்தாறு கடிதங்கள் பதிப்பகம் வழியாக வரும். அவற்றைச் சமையலறையிலேயே, கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பார். தோசை ஊற்றும்போது ஒன்றை எடுத்து இன்னொரு தடவை படிப்பார்.

2012-க்குப் பிறகு கடிதம் வரவில்லை.

[இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்துபோய் வராந்தாவில் நின்றேன்.]

“புஸ்தகம் போகுதுங்களா?” என்று பதிப்பகத்துக்கு போன் போட்டுக் கேட்பார். “நல்லாப் போகுதும்மா. கரும்புப் புஸ்தகத்தைக் காலேஜ்ல பாடமா வெச்சிருக்காங்க,” என்பார் பதிப்பாளர். தன் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறார் என இவர் நினைத்துக்கொண்டார். படித்திருந்தால் ஒருத்தராவது எழுத மாட்டார்களா? 2018-இல், பன்னிரண்டாவது புத்தகத்தின் நூற்று நாற்பதாம் பக்கத்தில் பேனாவை மூடிவைத்தார். கண் வலி என்று காரணம் சொன்னார்.

“கண்ணு வலின்னு சொன்னாளுங்க,” என்று கனகராஜ் என்னிடம் சொன்னார். “ஆனா அன்னிக்கு சாயந்தரமே உக்காந்து ஊசிக்கு நூல் கோத்துட்டு இருந்தா. நான் ஒண்ணும் கேக்கலைங்க.”

4

இந்த வருஷம் பிப்ரவரியில், காலை பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. கனகராஜ் காய்கறி வாங்கப் போயிருந்தார். வெளியே முப்பது வயதுக்குள் ஒரு பெண், கையில் பால்கோவா டப்பா.

“கே. வனஜா அம்மாங்களா?”

“ஆமா கண்ணு. நீ யாரு?”

“பவுன்மா! நான்தான் பவுன்!”

பெயரைச் சொன்னால் போதும், மிச்சமெல்லாம் விளங்கிவிடும் என்பது போல அவள் சொன்னாள். சொன்ன கையோடு காலில் விழுந்தாள், எழுந்து கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே நிக்டி வனஜா படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார். யார் வீட்டுப் பெண், எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் என்று நினைவைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“சொல்லாம வந்து நிக்கணும்னுதான் பதிப்பகத்துல கேட்டு இந்த அட்ரஸ் வாங்குனேன். வீடு மாறிட்டீங்களாம்மா? நான் ஹடப்சருக்குல்ல எழுதிக்கிட்டிருக்கேன்.”

“ம்,” என்றார் நிக்டி வனஜா.

பவுன் ராஜபாளையத்துக்காரி. டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். புது மெஷினுக்குப் பயிற்சி எடுக்க இரண்டு வாரம் புனே வந்திருக்கிறாள். பத்து வருஷத்துக்கு முன்னால் பஞ்சாலை ஹாஸ்டலில் இருந்தவள். அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே விடாத ஹாஸ்டல். அங்கே யாரோ விட்டுப்போன அட்டை கிழிந்த கரும்புப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினாள். விலாசம் எங்கே கிடைத்தது? சூப்பர்வைசர் போனில் தேடினாளாம். இணையத்தில் இருந்ததாம், விஞ்ஞானி, இன்ன ஆராய்ச்சி நிலையம் என்று.

“பதினஞ்சாம் நாள் உங்க பதில் வந்துருச்சும்மா. மேல ஆபீஸ் முத்திரை. வார்டன் பயந்துபோயி பிரிக்காமக் குடுத்தா. நாத்தைப் பிடுங்கி வேற மண்ணுல நட்டாத்தான் வெங்காயம் திரளும், பிடுங்கும்போது வலிக்கத்தான் செய்யும்னு எழுதியிருந்தீங்களே, அதை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்! அந்த மாசக் கடைசியிலதான் ஆலையை விட்டேன். நர்சிங் சேர்ந்தேன்.”

கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதத்தை எடுத்துக் காட்டினாள். நிக்டி வனஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெரிய பெரிய எழுத்துகள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை கோடு தாண்டாமல் எழுதியது மாதிரி. ‘அன்புல்ல பவுன், நீ கவளைப்படாதே.’ கடைசியில் ‘கே. வனஜா’.

ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு நாள் முழுக்க யோசிக்கிறவர் அவர். அவர் பெயரில், அவர் வீட்டு நாற்காலியில், அவர் கையில், ‘கவளை’.

“உங்க எழுத்துல தப்பு இருக்கும்லம்மா,” என்று பவுன் சிரித்தாள். “அதைப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. இம்புட்டுப் பெரிய ஆளே தப்பா எழுதுறாங்க, நமக்கென்னன்னு. நீங்க வேணும்னுதானே அப்படி எழுதுனீங்க?”

முதல் வரைவில் இந்த இடத்தில் நிக்டி வனஜா உண்மையைச் சொல்லிவிடுவதாக எழுதியிருந்தேன். அவரிடம் படித்துக் காட்டினேன். “நான் சொல்லலீங்க,” என்றார். “அந்தப் புள்ள பால்கோவாவைப் பிட்டு என்ற வாயில வெச்சுட்டு நிக்குது. வாயில இனிப்போட எப்புடிங்க சொல்றது?”

ஆகவே சொல்லவில்லை. பவுன் சாப்பிட்டாள், ரசம் நன்றாக இருக்கிறது என்றாள், இரண்டு மணிக்குக் கிளம்பினாள். போவதற்கு முன் அவள் பையில் இருந்த இன்னொரு கடித உறையின் பின்பக்கம் இருந்த ஹடப்சர் விலாசத்தை நிக்டி வனஜா பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பார்கவி இணையத்தில் அம்மாவின் பெயரைத் தேடினாள். என் வாக்கியம் கிடைத்தது. அதற்குப் பின்னால் யார், என்றைக்கு எழுதியது என்ற பதிவும் கிடைத்தது. எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: ‘இதை நீங்களா செய்தீர்கள்?’

5

ஹடப்சர் வனஜாவை நான் முதலில் திருடியாகத்தான் எழுதினேன். எனக்கு வசதியாக இருந்தது. அவர் திருடி என்றால் நான் கதவைத் திறந்துவைத்தவன் மட்டும்தானே? அவருக்குக் கோணல் சிரிப்பு கொடுத்தேன், அலமாரி நிறைய மற்றவர்கள் அனுப்பிய பாராட்டுகள் கொடுத்தேன், ஒரு பூனைகூடக் கொடுத்தேன். பிறகு அவரை நேரில் பார்த்தேன். பூனை இல்லை. எழுபத்தொரு வயது, நல்ல உயரம், வெயிலில் வயல் வயலாக நின்று கறுத்த கை. நாசிக் பக்கத்து விவசாயிகள் இன்னமும் அவருக்கு போன் செய்து இலை நுனி கருகுது என்பார்கள். அவரை ‘காந்தா மேடம்’ என்பார்கள். காந்தா என்றால் மராத்தியில் வெங்காயம். அந்த மரியாதையை அவர் யாரிடமும் திருடவில்லை. அந்த வரைவைக் கிழித்தேன்.

இனி வருவதை இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடத்தில் நிக்டி வனஜா சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

6

நிக்டி வனஜா மூன்று வாரம் யோசித்தார். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“சண்டைக்கா போறே?” என்று கேட்டார் கனகராஜ்.

“தெரியலீங்க.”

“ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. பேரைச் சொல்லித் திட்டீராத, உன்மேலயே விழுகும்.”

அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. என்ன பேசுவது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு போனார், மொழிபெயர்க்கிறவர் இல்லையா. ஹடப்சரில் இறங்கும்போது நாலு நல்ல வாக்கியங்கள் கைவசம் இருந்தன.

“கோண் பாஹிஜே?” யார் வேண்டும் என்று மராத்தியில் கேட்டபடி கதவு திறந்தது.

“கே. வனஜாவைப் பாக்கோணும்.”

“நான்தான்.”

“நானுந்தானுங்க.”

ஹடப்சர் வனஜா கதவுப் பிடியை விடவில்லை. “வந்துட்டீங்களா,” என்றார். “உள்ளே வாங்க. போன வாரம் பவுன் லெட்டர் வந்துச்சு, உங்களை நேர்ல பார்த்தேன்னு. அப்போலேருந்து டெய்லி பெல் அடிச்சா பயம்.”

நிக்டி வனஜாவின் நாலு வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. உட்கார்ந்தார். டீ வந்தது, தொடவில்லை.

“என்ற பேர்ல கடுதாசி எழுதியிருக்கீங்க.”

“என் பேர்ல,” என்றார் ஹடப்சர் வனஜா மெதுவாக. “அதுதான் முஷ்கில், அதான் சிக்கல். பொய்க் கையெழுத்து ஒண்ணுகூட நான் போடலே.”

“எழுதுனவங்க உங்களுக்கா எழுதுனாங்க?”

“இல்லே.”

அந்த ‘இல்லே’யில் தயக்கமே இல்லை. அது நிக்டி வனஜாவைக் கொஞ்சம் நிதானப்படுத்தியது.

ஹடப்சர் வனஜாவுக்கு அப்போது தமிழ் படிக்கத் தெரியாது. கட்கித் தமிழ், வீட்டில் பேசுவதோடு சரி. முதல் கடிதம் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது கேன்டீன் மனுவேலைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். அது நான் இல்லை என்று இங்கிலீஷில் பதில் போட்டார். ‘இவ்வளவு பெரியவருக்கு எத்தனை தன்னடக்கம்’ என்று திரும்ப ஒரு கடிதம் வந்தது. மூன்று பேருக்கு அப்படி மறுத்து எழுதினார். நாலாவதாக வந்தது பவுனுடையது.

“மனுவேல் படிச்சுட்டே வந்தார். பாதியிலே நிறுத்திட்டார். மேடம், இந்தப் பொண்ணு இதுக்கு மேல யாருக்கும் எழுதாதுன்னார். மத்லப், அதாவது, நான் அவ இல்லேன்னு எழுதினா அவளுக்கு என்ன ஆகும்? அதான், எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், மனுவேல் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினார், அதைப் பார்த்து என் கையாலே எழுதினேன். எனக்கு வெங்காயம்தான் தெரியும்.”

“அந்த ஒண்ணோட நிறுத்தியிருக்கலாமுங்களே?”

“இருக்கலாம்.”

“என்னைத் தேடுனீங்களா?”

“ஒரு வருஷம் தேடினேன்.”

“அப்பறம்?”

ஹடப்சர் வனஜா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அப்புறம் தேடலே. கிடைச்சுட்டீங்கன்னா லெட்டர் எல்லாம் உங்ககிட்ட குடுத்துடணுமே.”

ரிட்டயர் ஆன மறுவாரமே மனுவேலை வீட்டுக்கு வரச்சொல்லி முறையாகத் தமிழ் எழுத்து கற்றிருக்கிறார். வாசிப்புப் பாடமாக வைத்துக்கொண்டது மொழிபெயர்ப்பாளர் கே. வனஜாவின் புத்தகங்களை. முதல் புத்தகத்தை முடிக்க ஏழு மாதம். பவுன் எத்தனை தடவை கேட்டும் போன் நம்பர் மட்டும் தரவில்லை. வாயைத் திறந்தால் இந்தத் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். இரண்டு தட்டு. கடிதங்கள் வருஷவாரியாக, மாவட்டவாரியாக, விதை ரகங்களை வைப்பது போலச் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தன. “மேல் தட்டு, நான் பதில் போட்டது. வாழ்க்கை பத்தி எழுதினவங்க. கீழ் தட்டுக்குப் பதில் போடலே. அவங்க வார்த்தை பத்திக் கேட்டாங்க, மொழிபெயர்ப்பு பத்தி. அது எனக்குத் தெரியாது. அது உங்களோடது.”

நிக்டி வனஜா தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டைப் படிக்கத் தொடங்கினார். நாற்பத்தொரு கடிதங்கள். சாப்பாட்டு வேளை வந்து போயிற்று. ஒன்று தஞ்சாவூரிலிருந்து, சந்திரமௌலி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் 2016-இல் எழுதியது. ‘கரும்புப் புத்தகம் எண்பத்தெட்டாம் பக்கத்தில், முப்பது அரிவாள் லாரியில் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அரிவாள் எப்படி அம்மா தானாக லாரியில் ஏறும்? மூலத்தில் தம்பதிகள் என்றல்லவா இருக்க வேண்டும்?’

“இருக்கலீங்க!” என்று நிக்டி வனஜா சத்தமாகச் சொன்னார், சந்திரமௌலி எதிரே உட்கார்ந்திருப்பது போல. “புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேத்து அங்க ஒரே பேருதான், கொய்தா. அரிவாள்! மனுசங்கன்னே சொல்ல மாட்டாங்க, இத்தனை அரிவாள் வேணும்னுதான் மேஸ்திரி கேப்பான். அந்தக் கொடுமை தெரியோணும்னுதான் அதை மாத்தாம வெச்சேன். பதினஞ்சு நாள் யோசிச்சு வெச்சேன்! அதை ஒருத்தர் கேட்டிருக்காரு. ஒருத்தர் நின்னு கேட்டிருக்காரு!”

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. “ஒம்பது வருசம்,” என்றார். “இந்த ஒரு கடுதாசி எங்கிட்ட வந்திருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டனுங்க.”

“என்ன நிறுத்தினீங்க?”

“எழுதறதை. ஏழு வருசமாச்சு.”

ஹடப்சர் வனஜாவும் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு இது தெரியாது. அவர் பன்னிரண்டாவது புத்தகத்துக்காகக் காத்திருந்தவர். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுப் பதிப்பகத்துக்கே எழுதியிருக்கிறார். கே. வனஜாவின் அடுத்த நூல் எப்போது என்று கேட்டு, கீழே கே. வனஜா, புனே என்று கையெழுத்திட்ட கடிதத்தைப் பதிப்பாளர் என்னவென்று நினைத்திருப்பார்? அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தாராம். பேசாமல் ஒரு கோப்பில் வைத்துவிட்டாராம்.

“நான் அதை யோசிக்கவே இல்லே,” என்றார் ஹடப்சர் வனஜா. “லெட்டர் நின்னா அந்தப் பக்கம் ஒருத்தி நின்னுடுவான்னு. ஒரு செடிக்குக்கூட அதைச் செய்ய மாட்டேன் நான்.”

மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை அதை இந்த இடத்தில் எழுதி இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன். நிக்டி வனஜா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். “சக்கரை சாஸ்தி,” என்றார். அவ்வளவுதான் நடந்தது.

7

என் பங்கில் இன்னும் ஒன்றை நான் சொல்லவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஹடப்சர் வனஜா என்னைத் தேடியும் வந்திருக்கிறார். 2013-இல், நான் எழுதிய பக்கத்தின் அடியில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு விட்டிருந்தார்: ‘நான்தான் இந்த கே. வனஜா. நான் மொழிபெயர்ப்பாளர் அல்ல. தயவுசெய்து திருத்தவும்.’ அதன் கீழே ஒரு பதில் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் போட்ட பதில். ‘தன்னைப் பற்றித் தானே சொல்வது ஆதாரம் ஆகாது. நம்பகமான சான்று தேவை.’

போட்டது நான். எனக்கு அது நினைவே இல்லை. பார்கவிதான் தோண்டி எடுத்து அனுப்பினாள்.

ஒரு பெண் வந்து, நான் இவள் இல்லை, இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொல்கிறாள். அதற்குச் சான்று கேட்டேன். விதி அப்படித்தான் சொல்கிறது. விதியில் தவறில்லை. அன்றைக்கு ஒரு போன் செய்திருந்தால் —

இந்த வாக்கியமும் நிற்கட்டும்.

(பக்கத்தை இப்போது பிரித்துவிட்டேன். ‘கே. வனஜா என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் உள்ளனர்’ என்று தொடங்கும். ஹடப்சர் வனஜா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ‘உள்ளனர்’ இதில் எந்த ‘ள’ என்று மறக்காமல் இருக்க வழி இருக்கிறதா என்று கேட்டார்.)

8

பவுன் ஊருக்குப் போனதும் எழுதிய கடிதம் ஹடப்சருக்குத்தான் வந்திருந்தது. ‘புது வீட்டு அட்ரஸ் எழுத நினைச்சேன், பத்து வருசப் பழக்கம், கை தானா பழசை எழுதிருச்சு. நேர்ல நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்கம்மா’ என்று இருந்தது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ‘எங்க அம்மா இடத்துல நீங்கதான் நிக்கணும். தாரை வார்க்கிறப்ப உங்க கை இருக்கணும்.’

சொல்லிவிட வேண்டும் என்றார் நிக்டி வனஜா. சொன்னால் அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்றார் ஹடப்சர் வனஜா. சிவாஜி நகர் பஸ் நிலையத்துக்கு அருகில், இரண்டு பேருக்கும் நடுவழியில், ஒரு ஹோட்டலில் மூன்று தடவை சந்தித்துப் பேசினார்கள். மூன்றாம் தடவை ஹடப்சர் வனஜா தன் பெரிய எழுத்தில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நடந்தது எல்லாம் அதில் இருந்தது. நிக்டி வனஜா பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். பழக்கம். முதல் பக்கத்திலேயே ஏழு பிழை. பேனாவை மூடினார்.

“திருத்தலையா?”

“இது உங்க கடுதாசி. இதை நான் திருத்துனா அவளுக்கு யாரு எழுதுனதுன்னு தெரியாமப் போயிரும்.”

கடைசிப் பக்கத்தின் கீழே தன் பங்குக்கு மூன்று வரி சேர்த்தார். என்ன என்று இருவரும் எனக்குக் காட்டவில்லை. அனுப்புநர் இடத்தில் இரண்டு விலாசமும் எழுதி ஒட்டினார்கள். ஜூன் கடைசியில் தபாலில் போட்டார்கள்.

இன்றைக்கு ஜூலை இருபத்திரண்டு. பதில் வரவில்லை.

நிக்டி வனஜா இதற்கிடையில் கீழ்த்தட்டுக் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிவருகிறார். மூன்று, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. தஞ்சாவூர் சந்திரமௌலியிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது: ‘அரிவாள் சரி. எண்பத்தாறு வயதில் ஒத்துக்கொள்கிறேன்.’ பன்னிரண்டாவது புத்தகம் இன்னும் நூற்று நாற்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

முடிவுக்குச் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

மணமேடையில் நிக்டி வனஜா நிற்கிறார், பவுன் கண்ட முகம் அதுதானே. ஆனால் அவர் ஒரு வரிகூட அவளுக்கு எழுதியவரில்லை.

மணமேடையில் ஹடப்சர் வனஜா நிற்கிறார். யார் இந்தப் பாட்டி என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, பவுன் —

இரண்டு பேரும் போகிறார்கள். நாதஸ்வரம், போட்டோ, சிரிப்பு. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு பேரை ஒன்றாகச் சேர்த்துவைத்து அழகு பார்க்கிற வேலையை நான் ஏற்கனவே ஒரு தடவை செய்துவிட்டேன்.

யாரும் போகவில்லை. பவுன் எழுதவே இல்லை. இதுவும் நடக்கலாம். பத்து வருஷம் பொத்திவைத்த கடிதங்களை அவள் இப்போது எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது.

என்னால் முடியாது. நான் போட்ட முடிவு ஒன்று பதிமூன்று வருஷம் நின்றது, அது போதும். நீங்கள் எழுதுங்கள். பவுனாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நைட் டூட்டி முடிந்து வந்து குளித்தாகிவிட்டது. அந்த நாலு பக்கத்தையும் கீழே இருக்கும் மூன்று வரியையும் படித்து மூன்று வாரமாகிறது. கோபம் இருக்கிறதா, இருந்தால் யார் மேல், அது உங்கள் பாடு. மேஜையில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் தடவிய ஓர் உறை. ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, மற்றதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. மேலே ‘பெறுநர்: கே. வனஜா’ என்றும் அடியில் ‘புனே’ என்றும் எழுதிவிட்டீர்கள். நடுவில் ஒரு வரி காலியாக இருக்கிறது.